விடுதலைப் பத்திரம்

தேனப்பன் இறந்த அன்று
தேவகோட்டைப் பதிவகத்தில் அவருக்கு
டோக்கன் பதினான்கு, பதினொன்றரை மணி.
பத்திரம் நான் எழுதியது.
முத்திரைத்தாளில் நான்கு பக்கம்,
பக்கத்துக்குப் பக்கம் அடியில்
கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

முந்தைய மாலை வந்து வாசித்தார்.
ஒரு வரியில் விரல் நின்றது:
'இனிமேல் மேற்படி வீட்டில் எனக்கு
யாதொரு உரிமையும் சம்பந்தமும் கிடையாது.'
உரிமை சரி, சம்பந்தம் எதற்கு என்றார்.
வழக்கமான வாசகம், எல்லாருக்கும் இதுதான் என்றேன்.
எல்லாருக்குமா?
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி அதே வரி.

நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
அளந்தால் ஓர் இரட்டை அறை,
வளவில் இரண்டு தூணுக்கு நடுவே விழும் வெயில்.
அதை விட அவருக்கு முப்பது வருஷம்.
சாவி தொலைந்தது என்றார் முதலில்,
அண்ணன் மகன் முகம் பார்ப்பதில்லை என்றார்,
பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

காலை ஏழுக்கு ஈப்போவிலிருந்து மகன் பேசினான்.
இரண்டு தெரு தள்ளி நடந்த சாவு
கடல் சுற்றி என் காதுக்கு வந்தது.
அப்போ டோக்கன், என்று தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கையெழுத்து விழாத பத்திரம்
சட்டத்தின் கண்ணில் வெறும் தாள்.
ஆகவே பங்கு சாகவில்லை, நகர்ந்தது.
மனைவி மெய்யம்மைக்கு ஒன்று,
ஈப்போ மகனுக்கு ஒன்று,
ஓசூர் மகளுக்கு ஒன்று.
நாற்பத்தெட்டில் ஒன்று
நூற்று நாற்பத்து நான்கில் மூன்றாயிற்று.
ஆள் போய்ச் சேர்ந்தார்,
பங்கு மூன்று பிறவி எடுத்தது.

கேதம் கேட்கப் போனேன்.
பாடி முடித்த ஓதுவார்
மோர் குடித்துக்கொண்டிருந்தார்.
வீடடைந்துவிட்டார் என்றார்.
எந்த வீடு, எத்தனை பங்கு
என்று ஓடியது என் தொழில் புத்தி.
செம்பில் களிம்புபோல் உயிரில் அழுக்கு,
பிறக்கும்போதே உடன் வந்தது,
பற்று அற்றால்தான் அறும் என்றார்.
தேனப்பன் பேரேட்டிலும்
பற்று என்றால் கொடுக்க வேண்டிய பாக்கிதான்.
நிலத்துக்கென்றால்
முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்துச் சொல்வேன்.
உயிருக்கு வில்லங்கம் பார்க்கிற ஆபீஸ்
எந்த வீதியில் இருக்கிறது?

பதினேழாம் நாள் மெய்யம்மை வந்தார்.
கோயில் கணக்கில் இனி அவர் அரைப்புள்ளி.
எனக்கும் அதே மாதிரி எழுது என்றார்.
மாதிரிக்காகப் பழைய தாளை எடுத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
'சம்பந்தம்' என்ற சொல்லைச் சுற்றி
பென்சிலில் ஒரு வட்டம்.
ஓரத்தில் அவருடைய பொடி எழுத்து:
இருக்கட்டும்.

வாசகம் இருக்கட்டும் என்றா?
இல்லை, மற்றதா?
மெய்யம்மையிடம் காட்டினேன்.
படித்தார்.
மின்விசிறி தாளைத் தூக்கியது,
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.
எழுது, நேரமாகிறது என்றார்.

பதிவகத்தில் ரேகைப் பெட்டி
அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை.
துடைத்து வைத்தார், ஊதி வைத்தார்,
மூன்று முறையும் சிவப்பு விளக்கு.
அவருக்குக் கையெழுத்தே இல்லாமல் ஆயிற்று,
எனக்குக் கட்டைவிரல் கொடுத்தாலும்
ஆக மாட்டேன் என்கிறதே என்றார்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவரும்தான்.
கடைசியில் மோதிரவிரல் பதிந்தது.

முத்திரைத்தாளை ஆறு மாதத்துக்குள் திருப்பினால்
கொஞ்சம் பிடித்துக்கொண்டு பணம் தருவார்கள்.
தேனப்பனின் நான்கு பக்கம்
இன்னும் என் மேசையறையில்.
கேட்டு யாரும் வரவில்லை,
நானும் சொல்லவில்லை.

மெய்யம்மை பத்திரத்தில்
அந்த ஒரு சொல்லை விட்டுத்தான் எழுதினேன்.
சார்பதிவாளர் கவனிக்கவில்லை.